மாமியின் இரண்டு கால்களும் வல்வா புற்றும்

மாமிக்கு வந்தது வல்வா புற்று. கர்ப்பப்பையில் வருவது வேறு, கர்ப்பப்பை வாயில் வருவது வேறு. இது பெண்ணுறுப்பின் வெளிப்பக்கம், கண்ணாடியைக் கீழே பிடித்தால் கண்ணுக்கே தெரிகிற உதடு போன்ற சதையில் வருவது. பெண்ணுறுப்புகளில் வரும் புற்றுகளை எல்லாம் சேர்த்து எண்ணினால் நூற்றில் ஐந்தைத் தாண்டாது, அதனாலேயே பல டாக்டர்களுக்குக்கூட சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. என் வீட்டுக்காரரின் அம்மாதான் மாமி, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாத மக்களே” என்றார்.

எங்களுக்குக் களியக்காவிளை பக்கம். மாமி முப்பது வருடம் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர், நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து தோல் உரிக்கிற வேலை. சொறிச்சல் தொடங்கியபோது வியர்வைதான், உட்கார்ந்த சூடுதான் என்று நினைத்துக்கொண்டார். சொறிச்சல் என்ற வார்த்தை மலையாளத்திலும் ஏறக்குறைய அப்படியேதான், எல்லைக்கு எந்தப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், எதையும் காட்டாமலேயே ஒரு ட்யூப் கைக்கு வந்துவிடும், வினையே அதுதான். பின்னால் அவருடைய பெட்டியைத் திறந்தபோது சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பதினான்கு ட்யூப். ஒவ்வொன்றும் வாலிலிருந்து இறுக்கிச் சுருட்டப்பட்டு, கடைசிச் சொட்டு வரை பிதுக்கப்பட்டிருந்தது. எல்லாமே பூஞ்சைக்கு, கிருமிக்கு, அலர்ஜிக்கு என மூன்றையும் ஒன்றாகக் கலந்த வகை. நான்கு வருடத்தில் பதினான்கு ட்யூப், எழுதிக் கொடுத்த ஒருவரும் விற்ற ஒருவரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

ஆக, இந்த நோயில் முதல் தேர்வு ஆபரேஷனா கரண்டா (கதிர்வீச்சைத்தான் கரண்ட் என்கிறோம்) என்பதில் இல்லை. இன்னொரு ட்யூப்பா, சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்சியா என்பதில்தான். என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அந்த இடத்தில் அரிப்பு ஆறு வாரம் மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் மூன்றாவது ட்யூப் என்று ஒன்று இருக்கவே கூடாது. பார்த்தே ஆக வேண்டும். எதைப் பார்ப்பது? ஆறாத புண், மரு மாதிரி ஒரு தடிப்பு, தோல் ஓரிடத்தில் மட்டும் வெளுத்தோ சிவந்தோ கறுத்தோ இருப்பது, தொட்டால் ரத்தம், ஒன்றுக்குப் போனால் எரிச்சல், தொடையிடுக்கில் நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருப்பது. வலி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மாமிக்கு வலியே கிடையாது. “நொம்பலம் இல்லாத்ததுக்கு எதுக்கு மக்களே ஆஸ்பத்திரி” என்று அவர் சொன்னதை நாங்களும் ஒத்துக்கொண்டோம்தானே.

அவருக்குப் புற்றுக்கு அடிப்படையாக இருந்த நோய் லைக்கன் ஸ்க்ளெரோசஸ் என்று பிறகு தெரிந்தது. தோல் மெலிந்து, சிகரெட் தாள் கசங்கினது போல வெள்ளையாகி, சின்ன உதடுகள் மெல்ல மெல்ல ஒட்டி மறைந்துபோகிற ஒரு தோல் வியாதி. இதைப் புற்று என்று சொல்ல முடியாது, ஆனால் இது இருக்கிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை பிற்காலத்தில் வல்வா புற்றுக்குப் போகலாம். வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த வழி. இளவயதுக்காரர்களுக்கு வருவது எச்.பி.வி என்கிற, உடலுறவில் தொற்றும் வைரஸ் வழியாக, அதிலும் 16ஆம் வகை அதிகம், புகைபிடித்தால் இன்னும் கூடும். லைக்கன் விஷயத்தில் வயிறெரிய வைக்கிற ஒரு தகவல் உண்டு. ஆஸ்திரேலியாவில் 507 பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்டார்கள்: ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொன்னபடி விடாமல் போட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புற்று வரவில்லை, விட்டு விட்டுப் போட்டவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு வந்தது. மாமியின் ட்யூப்களிலும் ஸ்டீராய்டு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அரிக்கும்போது ஒரு வாரம், அடங்கியதும் நிறுத்தம், மறுபடி அரித்தால் வேறொரு கடை, வேறொரு கலவை. நோயின் பெயர் தெரிந்து போடுவதும் தெரியாமல் போடுவதும் ஒன்றில்லை.

சரி, கடைசியில் எப்படித் தெரிந்தது என்றால், வெள்ளைப் பாவாடையில் ஒரு ரூபாய் அளவுக்கு ரத்தக்கறை. துணி துவைக்கிற நான்தான் பார்த்தேன். வயது அறுபத்தேழு, மாதவிடாய் நின்று பதினைந்து வருடம் ஆகியிருந்தது. மதினியும் நானும் சேர்ந்து அறைக் கதவைச் சாத்தி டார்ச் அடித்துப் பார்த்தோம். மேல்பக்கம், நடுவை ஒட்டி, கொய்யாக்காயைக் கீறி வைத்த மாதிரி சொரசொரவென ஒரு தடிப்பு. மாமி கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்வு அங்கேயே வந்தது, அதில் நாங்கள் தப்பியது அதிர்ஷ்டம். பக்கத்திலிருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில், “சின்னக் கட்டிதான், நாளைக்கே மொத்தமா எடுத்துடலாம், எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பலாம்” என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே நாள், ஒரே செலவு, மாமிக்கும் ஒரு தடவை காட்டினால் போதும். மதினி ஒரு காலத்தில் நர்ஸ் வேலை பார்த்தவர், அவர்தான் வேண்டாம் என்று பிடித்து நிறுத்தினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடிப்பின் ஓரத்தில், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, பேனா போன்ற ஒரு வெட்டியால் மூன்று நான்கு மில்லிமீட்டர் சதையைத் துளைத்து எடுப்பது பயாப்சி. பத்து நிமிட வேலை, அன்றைக்கே வீடு. மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன கெடுதல்? முதலாவது, அது புற்று என்று ரிப்போர்ட் வந்தால் எவ்வளவு ஓரம் விட்டு வெட்டியிருக்க வேண்டுமோ அவ்வளவு விட்டிருக்க மாட்டார்கள், மறுபடி வெட்ட வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியம். தொடையிடுக்கில் எந்த நெறிக்குப் புற்று முதலில் ஓடும் என்று கண்டுபிடிக்கிற சோதனைக்கு அந்தக் கட்டி இருந்த இடத்தில் இருந்தாக வேண்டும். அதை எடுத்துவிட்டால் அந்த வழியே கலைந்துபோகலாம். எனக்கு இதில் இரண்டு பக்கமும் சமமான நியாயம் இருப்பதாகத் தோன்றவில்லை. சின்னத் துண்டு மட்டும்தான் முதலில், பாக்கியெல்லாம் ரிப்போர்ட்டுக்கு அப்புறம்.

அந்த ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது புற்றா இல்லையா என்பதை, அது இயற்கை. அதற்கடுத்து தேட வேண்டியது ஆழம். தோலின் மேலடுக்கைத் தாண்டி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா? 2 செ.மீ.க்குள் அகலம், 1 மி.மீ.க்குள் ஆழம் என்றால் நெறிக்குப் போயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும், தொடையிடுக்கைத் தொடவே வேண்டாம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் நெறியையும் பார்த்தாக வேண்டும். ஒரு அரிசியைக் குறுக்கே வைத்தால் இருக்கிற தடிமன்கூட இல்லாத அளவில் ஆபரேஷனே மாறிப்போகிறது. மாமிக்கு 3 மி.மீ., அகலம் இரண்டரை செ.மீ. பத்தில் ஒன்பது பேருக்கு வருவது போல, தோலின் மேற்பரப்புச் செல்லில் தொடங்குகிற ஸ்குவாமஸ் வகை. லேபிலிருந்து ரிப்போர்ட் தாளோடு கண்ணாடி ஸ்லைடையும் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அதை மறுபடி பார்ப்பார்கள், மறுபடி சதை எடுக்கிற பாடு மிச்சம்.

எங்கே போவது என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. எங்கள் ஊரில் ‘ஆர்சிசிக்குப் போயிருக்காங்க’ என்றாலே என்ன நோய் என்று கேட்க மாட்டார்கள். 1981 முதல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற மண்டலப் புற்றுநோய் மையம்தான் அது. களியக்காவிளையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம், விடிகாலை பஸ் ஏறினால் ஓ.பி. சீட்டுக்கு நிற்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இன்னும் பழையது, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது, ஆனால் குழித்துறையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரம். எவரெஸ்ட் ஏறப் போன 1922, 1924 குழுக்களில் இருந்த சோமர்வெல் டாக்டர் வந்து கத்தி பிடித்த ஊர் என்று மாமியின் அப்பா காலத்து ஆட்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். திருநெல்வேலி மெடிக்கல் காலேஜும் உண்டு. எது பேர் பெற்றது என்று வாதாடி மூன்று நாள் போனது. பிறகு யோசித்தால் கேள்வியே தவறு என்று தோன்றியது.

அறுவைக்கு ஒரு கணக்கு, கரண்டுக்கு ஒரு கணக்கு. அறுவை ஒரு தடவை, அதற்கு எவ்வளவு தூரமானாலும் போய் வரலாம், அங்கே பார்க்க வேண்டியது செய்கிற கை. மகப்பேறு டாக்டர் போதாது, பெண்களின் புற்றுக்கென்றே படித்த சர்ஜன் வேண்டும், அவர் வருடத்துக்கு இந்த நோயில் எத்தனை பார்க்கிறார் என்று கூச்சப்படாமல் கேட்கலாம். கரண்ட் என்றால் வாரம் ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம். அதற்குத் தினமும் வீட்டிலிருந்து போய் வருகிற தூரம் வேண்டும், இல்லையென்றால் அறுபத்தேழு வயது உடம்பு பஸ்ஸிலேயே ஓய்ந்துவிடும், அல்லது அறை வாடகைக்கே கடன் வாங்க வேண்டிவரும். ஓரிடத்தில் அறுத்துவிட்டு இன்னோரிடத்தில் கரண்ட் வைக்கிறவர்கள் நிறைய பேர், இரண்டு டாக்டர்களும் முன்னாலேயே பேசிக்கொண்டால் அதில் தப்பில்லை. பணத்தில் எல்லை குறுக்கே வரும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டுக்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கேரளத்தின் காருண்யா திட்டம் அந்த மாநிலத்துக்காரர்களுக்கு. நம் கார்டு அங்கே எடுபடுமா என்பதைச் சேர்வதற்கு முன்னால் கவுன்டரில் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், படுக்கையில் படுத்த பிறகு கேட்டுப் பயனில்லை. ரயிலில் புற்று நோயாளிக்குச் சிகிச்சைக்குப் போகவர ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கும் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் எங்கே போனோம் என்று எழுதவில்லை. ஒருவருக்கு நடந்ததை வைத்து இன்னொருவர் பஸ் ஏற வேண்டாம்.

இனி நெறி விஷயம். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். கட்டியைப் பொறுத்தவரை இப்போது பெரிய விவாதம் இல்லை. ஒரு காலத்தில் இரண்டு தொடையிடுக்கையும் வல்வா முழுவதையும் ஒரே துண்டாக, பட்டாம்பூச்சி வடிவில் வெட்டி எடுத்தார்கள், தையல் பிரிந்து மாதக்கணக்கில் புண்ணோடு கிடந்தவர்கள் உண்டு. இப்போது கட்டியைச் சுற்றி நல்ல சதையில் கொஞ்சம் ஓரம் விட்டு எடுத்தால் போதும். தொடையிடுக்குக்குத்தான் இரண்டு வழி. ஒன்று, அங்கிருக்கும் நெறிகளை எல்லாம் வழித்து எடுப்பது. மற்றது காவல் நெறி முறை: கட்டியிலிருந்து வடிகிற நீர் முதலில் போய்ச் சேருகிற ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பது, அதில் புற்று இல்லையென்றால் பாக்கியை விட்டுவிடுவது. கட்டி ஒன்றே ஒன்றாகவும் 4 செ.மீ.க்குள்ளும் இருந்து, ஸ்கேனில் நெறி சந்தேகமாகத் தெரியாவிட்டால்தான் இதற்குத் தகுதி.

நெதர்லாந்துக்காரர்கள் முன்னின்று 403 பெண்களிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடித்தளம். காவல் நெறியில் புற்று இல்லை என்று விட்டுவிட்டவர்களில் தொடையிடுக்கில் திரும்பி வந்தது 2.3 சதவீதம். கால் வீக்கம் காவல் நெறி மட்டும் எடுத்தவர்களுக்கு 1.9 சதவீதம், எல்லாவற்றையும் வழித்தவர்களுக்கு 25.2. தையல் பிரிவதிலும் அப்படித்தான், 11.7க்கு எதிராக 34. படித்தபோது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: தொடையிடுக்கில் ஒரு தடவை திரும்பி வந்தால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது, அதனால் இந்த 2.3ஐ எடுத்துக்கொள்ளத் தயாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், இதை அடிக்கடி செய்கிற கையாக இல்லாவிட்டால் அந்த எண் இன்னும் கூடும். சில வயதான பெண்கள், கால் வீங்கினாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எடுங்கள் என்று சொல்வதும் உண்டாம். மாமி எதையும் சொல்லவில்லை. “நடக்கணும், சர்ச்சுக்குப் போகணும்” என்றார். காவல் நெறி என்று கையெழுத்துப் போட்டோம்.

கட்டி நடுவை ஒட்டி இருந்ததால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். காலையில் கட்டியைச் சுற்றிக் கதிரியக்க மருந்து ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள், தியேட்டரில் நீலச் சாயமும் ஏற்றினார்கள். வலது பக்கம் நெறி பளிச்சென்று தெரிந்தது, எடுத்தார்கள், சுத்தம். இடது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அங்கே புற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பக்கம் முழுவதையும் வழித்துவிட வேண்டும் என்பதுதான் விதி. இப்படி ஆகலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். ஆக இரண்டு வழியும் ஒரே உடம்பில் நடந்துவிட்டது.

வலது பக்கம் ஒரு விரல் நீளத் தழும்பு, ஒரு வாரத்தில் ஆறியது. இடது பக்கம் டியூப் வைத்து, நீர் சேருகிற பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு நாள். அப்புறம் தையலில் ஒரு மூலை பிரிந்து, மதினி தினமும் கட்டுப் போட்டார். நீலச் சாயத்தால் முதல் நாள் ஒன்றுக்கு பச்சையாகப் போனது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் மாமி அதற்கு அழுத அழுகை ஆபரேஷனுக்குக்கூட அழவில்லை. ஐந்தாவது மாதம் இடது கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே இறுக்கமான காலுறையை இடது காலில் மட்டும் ஏற்ற வேண்டும், கையில் மாவு தடவிக்கொண்டு நான் இழுப்பேன், அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டு அக்கா வந்து, “யானைக்காலா?” என்று கேட்டுவிட்டுப் போனார். செருப்பு ஒரே ஜோடி, இடது வார் மட்டும் இரண்டு ஓட்டை தளர்த்திப் போடுகிறார். புள்ளிவிவரத்தில் 1.9, 25.2 என்று படித்தது எங்கள் வீட்டு வாசலில் அந்தச் செருப்பாகக் கிடக்கிறது.

இடது பக்கம் எடுத்த ஒன்பது நெறியிலும் ஒன்றுமில்லை. வீணாக எடுத்துவிட்டார்களே என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெறியில் இல்லை என்று உறுதியானால் ஐந்து வருடத்தைத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல், நெறியில் இருந்தால் அது ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடுகிறது. அந்த உறுதிக்கு வலது பக்கம் மலிவாக முடிந்தது, இடது பக்கம் விலை அதிகம்.

காவல் நெறியில் புற்று இருந்திருந்தால்? அதற்கும் இப்போது பதில் இருக்கிறது, 2021இல் வந்தது. 2 மி.மீ.க்குள் இருந்தால் மறுபடி அறுக்காமல் அந்த இடுக்குக்கு கரண்ட் மட்டும் வைத்தால் போதும், திரும்பி வந்தது 1.6 சதவீதம்தான். 2 மி.மீ.க்கு மேல் என்றால் கரண்டை மட்டும் நம்பக்கூடாது, 22 சதவீதம் பேருக்குத் திரும்பியது, அறுத்து எடுத்துவிட்டுத்தான் கரண்ட்.

கட்டி ஆசனவாயையோ மூத்திரக்குழாயையோ பிடித்துவிட்டவர்களுக்குத் தேர்வு வேறு மாதிரி. அறுத்தால் மலம் வயிற்றில் வைத்த பை வழியாகத்தான் என்று ஆகலாம். அதைத் தவிர்க்க கரண்டும் வாரம் ஒரு தடவை சிஸ்பிளாட்டின் கீமோவும் சேர்த்துக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் அறுக்க முடியாத நிலையில் இருந்த 58 பெண்களுக்கு இப்படிக் கொடுத்ததில் 64 சதவீதம் பேருக்குக் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தது. ஆனால் அந்த இடத்துத் தோல் சூட்டில் வெந்தது போல உரிந்துவிடும், கடைசி இரண்டு வாரம் உட்காரவே முடியாது, இதைச் சொல்லாமல் ‘ஆபரேஷன் இல்லாத வைத்தியம்’ என்று மட்டும் சொல்வது ஏமாற்று. எதிர்முனையில், புற்றாக மாறாத முன்நிலையில், அதுவும் எச்.பி.வி வழி வந்த வகைக்கு, இமிகுயிமாட் களிம்பும் அறுவையும் சமம் என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது, குணமானவர்கள் களிம்பில் 80 சதவீதம், அறுவையில் 79. லைக்கன் வழி வருகிற முன்நிலைக்கு இது செல்லாது, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்புறம் வீட்டில் பெண் குழந்தை இருந்தால் எச்.பி.வி தடுப்பூசி, 2023 முதல் நம் நாட்டுத் தயாரிப்பு செர்வாவாக் கிடைக்கிறது. அது வல்வா புற்றில் பாதிக்கதையை மட்டும்தான் தடுக்கும், ஆனாலும் போட்டுவிடலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வருடம் என்பதால் இப்போது மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். ஸ்கேனை விட டாக்டர் கையால் இரண்டு இடுக்கையும் அழுத்திப் பார்ப்பதுதான் முக்கியமாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். லைக்கன் அங்கேயேதான் இருக்கிறது, அதற்கு வாரம் இரண்டு ராத்திரி க்ளோபெட்டசால் களிம்பு, விரல் நுனி அளவு, அரித்தாலும் அரிக்காவிட்டாலும். மாமி அதையும் அந்தப் பிஸ்கட் டின்னில்தான் வைத்திருக்கிறார், பழைய பதினான்கையும் நான் எப்போதோ குப்பையில் போட்டாகிவிட்டது. போன வாரம் புது ட்யூப் வாங்கிக் கொடுத்தபோது பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பேரு உண்டுல்லா மக்களே” என்றார்.